“எனக்குச் சீட்டு இலவசம், உங்களுக்குத்தான் செலவு!”

“பெங்களூரில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள்?” என்று யாராவது கேட்டால், “நாற்பது ஆண்டுகளுக்கு மேல்” என்று பெருமையோடு சொல்வேன். “என்னென்ன பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டால்தான் விழிப்பேன்.

அல்சூரில் வீடு. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் 36 ஆண்டுகள் வேலை. பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சிவாஜிநகர் மார்க்கெட். இவ்வளவுதான் எங்கள் பெங்களூர். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குப் போய் வருவோம். லால்பாக்கைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்குச் சுற்றிக் காட்டுவதற்காக.

இந்த நிலையை மாற்றியது ஒரு டீக்கடைக்காரரின் மரணச் செய்தி.

கொச்சி டீக்கடை

கொச்சியில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ என்று ஒரு சிறிய கடை. நடத்தியவர்கள் விஜயனும் அவருடைய மனைவி மோகனாவும். அவர் டீ ஆற்றுவார். அம்மா பலகாரம் செய்வார். கடையில் கிடைக்கும் வருமானத்தில் நாளுக்கு 300 ரூபாயை எடுத்து வைப்பார்கள். அது போதாவிட்டால் கடன் வாங்குவார்கள். இருவரும் விமானம் ஏறி ஒரு நாட்டைப் பார்த்து வருவார்கள். திரும்பி வந்து, டீ விற்றுக் கடனை அடைப்பார்கள். கடன் தீர்ந்ததும் அடுத்த நாடு!

இப்படியே அவர்கள் 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். இவர்களைப் பற்றி ஒரு குறும்படமும் வந்தது. 2019-ம் ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்குத் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா உதவினார். 2021-ம் ஆண்டு அக்டோபரில் ரஷியா போய் வந்தார்கள். அதுதான் கடைசிப் பயணம். நவம்பர் 19-ந் தேதி விஜயன் மாரடைப்பால் காலமானார்.

அந்தச் செய்தியை நான் காலையில் உரக்கப் படித்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பாவம், இனி அந்த அம்மாவுக்கு யார் துணை?” என்றேன்.

“துணை போயிடுச்சு. ஆனா 26 நாடு நினைப்பு இருக்குதுங்க. நமக்கு என்ன இருக்கு?” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கீரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

ஒன்றரை ஆண்டு பேச்சு

உடனே கிளம்பிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். “போகலாம், போகலாம்” என்று ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. ஒரு மாதம் எனக்கு இருமல். ஒரு மாதம் அவளுக்கு முழங்கால் வலி. ஒரு மாதம் பேரனுக்குத் தேர்வு. சாக்கு தேடுகிறவனுக்குக் காலண்டரில் எல்லா நாளும் சாக்குதான்.

2023-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கர்நாடக அரசு ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்துப் பெண்கள் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் கட்டணம் இல்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மறுவாரம் என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ஆதார் அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், டிபன் டப்பாவில் புளிச்சோறு.

“கிளம்புங்க. இனிமே எனக்குச் சீட்டு இலவசம். உங்களுக்குத்தான் செலவு. நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேனா, நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்களான்னு யோசிச்சுக்குங்க” என்றாள்.

அன்றே மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்கள் நாள். ஒரு மாதம் அவள் இடத்தைத் தேர்ந்தெடுப்பாள், மறுமாதம் நான். போய்ச் சேரும்வரை “எங்கே?” என்று மற்றவர் கேட்கக் கூடாது.

செலவுக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். தினமும் 20 ரூபாய் போட வேண்டும். மாதத்துக்கு 600 ரூபாய். கொச்சிக்காரர் வழி வெளிநாடு. எங்கள் வழி மெஜஸ்டிக் பஸ் நிலையம்.

எண் சரி, எழுத்து வேறு

முதல் மாதம் அவளுடைய முறை. லால்பாக்குக்குக் கூட்டிப் போனாள். ஐதர் அலி 1760-ல் அமைக்கத் தொடங்கிய தோட்டம். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். முழங்கால் வலிக்காரி அந்தப் பாறை மீது எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“இதுக்கு முன்னால நம்ம வயசெல்லாம் ஒரு வயசாங்க?” என்று கேட்டாள். எனக்கும் பத்து வயது குறைந்தது போல இருந்தது.

மறுமாதம் என் முறை. அங்கேதான் வந்தது வினை. மெஜஸ்டிக்கில் எண்ணைப் பார்த்து ஒரு பேருந்தில் ஏறினேன். “ஏங்க, இது வேற...” என்று அவள் ஆரம்பித்தாள். “எங்கே என்று கேட்கக் கூடாது!” என்று அடக்கிவிட்டேன். முக்கால் மணி நேரம் போனது. கட்டடங்கள் குறைந்தன. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு கீரைத் தோட்டம். பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை.

பெங்களூர்ப் பேருந்து எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் அந்த எழுத்து மாறினால் ஊர் மாறிவிடும். எழுத்து கன்னடத்தில் இருந்தது. எனக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

“அதைத்தான் சொல்ல வந்தேன். போர்டுல ஊர்ப்பேரு வேற போட்டிருந்துச்சே” என்றாள்.

“உனக்குக் கன்னடம் படிக்கத் தெரியுமா?”

“பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தது யாருன்னு நினைச்சீங்க? அவகூட உக்காந்து நானும் எழுதிப் படிச்சேன்.”

எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படித்தது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு. என் வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருத்தி முப்பது ஆண்டுகளாக இருந்திருக்கிறாள். நான் மின்சார பில்லைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தில் படித்துக் காட்டச் சொல்லி அலைந்திருக்கிறேன்!

அன்று பார்க்க நினைத்த இடத்தைப் பார்க்கவில்லை. மாட்டுக் கொட்டகை நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். தோட்டக்காரரிடம் நாலு கட்டுக் கீரை வாங்கினோம். பலகையைப் படிக்கும் வேலை அன்று முதல் அவளுடையது ஆயிற்று.

காய்கறி வாங்கிய இடத்தில் கல்வெட்டு

அதன்பின் மாதங்கள் ஓடியதே தெரியவில்லை. விடியற்காலை கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகச் சாமந்தி வந்து இறங்குவதைப் பார்த்தோம். கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கள்கிழமை, செவ்வாய்க்கிழமை விதியைத் தளர்த்திக்கொண்டு, பசவனகுடி கடலைக்காய்த் திருவிழாவுக்குப் போனோம். பெரிய நந்தி கோயில் தெருவெல்லாம் வேர்க்கடலைக் குவியல். எங்கள் வீட்டுக்கு எதிரே என்று சொல்லத்தக்க தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலை அருகே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிலை 1991-ல் தயாராகியும் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ந் தேதி திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள்.

ஒரு முறை மடிவாளத்தில் இறங்கச் சொன்னேன். “மார்க்கெட்டுக்கா? இதுக்கா இவ்வளவு ரகசியம்?” என்று முகம் சுளித்தாள். மடிவாளம் மார்க்கெட்டில் அவள் பல ஆண்டுகள் வெங்காயம் வாங்கியவள்.

மார்க்கெட்டைத் தாண்டிச் சோமேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வெளிச்சுவரில் எழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துகள்! பழைய வடிவம் என்பதால் எங்களுக்கு முழுதும் படிக்க வரவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓர் எழுத்தைக் கண்டுபிடித்துச் சிறுபிள்ளைகள் போலக் கூவினோம். அந்தச் சுவரில் 1247-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குத் தானம் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. இன்றைய தாவரெகெரே அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் தாமரைக்கரை என்று அழகாக வருகிறது.

கெம்பேகவுடா இந்த நகரத்தை அமைத்தது 1537-ல். அதற்கு 290 ஆண்டுகள் முன்பே ஊர்ப்பெயர் தமிழில் கல்லில் ஏறிவிட்டது. அடுத்த மாதம் பேகூர் நாகேசுவரர் கோயிலுக்குப் போனோம். அங்கே இருப்பது அதைவிடப் பழைய கன்னடக் கல்வெட்டு; சுமார் 890-ம் ஆண்டைச் சேர்ந்தது. ‘பெங்களூருப் போர்’ என்று அதில் வருகிறது.

“இவங்களும் பழசு, நாமும் பழசு. அப்புறம் எதுக்கு அப்பப்ப சண்டை?” என்று கேட்டாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

தங்கவயல் ரயில்

இப்போது நான் சொல்லப் போவதுதான் முக்கியம்.

என் மனைவி பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதியில். அவளுடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. 1984-ல் எங்களுக்குத் திருமணம் ஆனது. மறு ஆண்டே மாமனார் ஓய்வுபெற்று, குடும்பத்தோடு சொந்த ஊரான குடியாத்தத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவள் தங்கவயலுக்குப் போகவே இல்லை. போக வேண்டும் என்று கேட்டதும் இல்லை.

என்னுடைய முறை வந்தபோது, “இதைவிடப் பெரிய ஆச்சரியம் எதைக் கொடுக்க முடியும்?” என்று நினைத்தேன். கன்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் இரண்டு சீட்டு வாங்கினேன். “ரயிலில் உனக்கும் காசு உண்டு!” என்று வேடிக்கை பேசினேன். மாரிக்குப்பம் வண்டி வந்து நின்றது. அவள் பலகையைப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பங்காருப்பேட்டை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. நான் தவறு செய்துவிட்டேன் என்று புரிந்தது. என்ன தவறு என்றுதான் புரியவில்லை.

பங்காருப்பேட்டையில் தங்கவயல் கிளைப் பாதைக்கு வண்டி திரும்பியது. சிறிது நேரத்தில் சயனைடு மேடுகள் தெரிந்தன. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலைபோல வெளிறிப் போய்க் கிடக்கிறது. 120 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டது. ஒரு காலத்தில் என்ன வாழ்வு! சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று.

சாம்பியன் நிலையத்தில் இறங்கினோம். அவள் வழி கேட்கவில்லை. நேராக நடந்தாள். வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். ‘லைன்’ என்று சொல்வார்கள். ஒரு வீட்டு வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

“இது நாங்க இருந்த வீடும்மா” என்று மட்டும் சொன்னாள் என் மனைவி.

“உள்ளே வாங்கக்கா” என்று அந்தப் பெண் பாயை விரித்தார். யார், எந்த ஊர் என்று கேட்காமலே டீ போட்டார். என் மனைவி சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். “இதுலதான் எங்கம்மா பித்தளைப் பாத்திரம் அடுக்குவாங்க” என்றாள். அப்புறம்தான் சொல்லத் தொடங்கினாள்.

சங்கு ஊதும் நேரம்

அவளுக்கு அப்போது பதினொரு வயது. ஒரு நாள் சாயங்காலம் வீடு அதிர்ந்தது. பலகையிலிருந்த பாத்திரங்களெல்லாம் கீழே விழுந்தன. பூமிக்குள் வெகு ஆழத்தில் தோண்டும்போது, மேலேயிருந்து அமுக்கும் பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். சுரங்கத்தில் இதை ‘ராக் பர்ஸ்ட்’ என்று சொல்வார்கள். லைனில் இருந்த பெண்களெல்லாம் தலைவிரி கோலமாக ஓடினார்கள்.

ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியது. சங்கு ஊதினால் கொஞ்ச நேரத்தில் அப்பா வந்துவிடுவார். அன்று வரவில்லை. அவளைத் தம்பிக்குக் காவலாக வாசலில் நிறுத்திவிட்டு அம்மா சுரங்க வாயிலுக்குப் போனார். இரவு முழுவதும் அவள் அந்த வாசற்படியை விட்டு நகரவில்லை. விடிந்த பிறகு அப்பா வந்தார். உடம்பெல்லாம் தூசி. கையில் கட்டு. பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. அவருடைய மகள் இவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. திருமணமான புதிதில் நாங்கள் என் தொழிற்சாலைக்கு அருகில் குடியிருந்தோம். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதியதும் அவள் வாசலில் வந்து நிற்பாள். நான் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள். புதுப்பெண்ணின் ஆசை என்று நினைத்து நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு நாள் ஓவர்டைம் செய்துவிட்டு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். “இதற்குப் போய் அழுவார்களா?” என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அவள் என் முன்னால் அழவில்லை. வாசலில் நிற்பதையும் நிறுத்தவில்லை.

“இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“எப்ப சொல்றதுங்க? நீங்க ஷிஃப்ட் முடிச்சு வருவீங்க, சாப்பிடுவீங்க, தூங்கிடுவீங்க. வாயைத் திறந்து பேசற அளவுக்கு இப்பதானே ஒண்ணா பஸ்ல உக்காந்து போறோம்” என்றாள்.

டீ ஆறிப்போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் அதை மறுபடி சூடு செய்து கொடுத்தார்.

திரும்பும்போது ரயிலில் புளிச்சோற்றைப் பிரித்தோம். மாமனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விதம், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் தீபாவளித் துணி எடுத்தது, கிறிஸ்துமஸ் கேக் பங்கு போட்டது என்று கன்டோன்மென்ட் வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். எங்கள் பயணங்களில் மிக நீண்ட பயணம் அதுதான்.

வாசகர்களுக்கு

ஊர் சுற்றப் பணம் வேண்டும், உடம்பு வேண்டும், வசதி வேண்டும் என்பார்கள். கொஞ்சம் வேண்டும்தான். கொச்சியில் டீ விற்ற தம்பதி அதைக் கடன் வாங்கிச் செய்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்த 26 நாட்டைவிட, அவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் எனக்கு இப்போது பெரிதாகப் படுகிறது. வீட்டில் பக்கத்தில் இருக்கிறோம். ஆனால் அடுப்பு இருக்கிறது, டி.வி. இருக்கிறது, போன் இருக்கிறது. பேருந்தில் ஜன்னலையும் ஒருவரையொருவரையும் தவிர வேறு எதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கலாம். சங்குச் சத்தத்தைக் கேட்டுக் கலங்கிய ஒருத்தி இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? கிளம்பினால்தானே கேட்க முடியும்?

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்றைக்கு 20 ரூபாய் போட்டாகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை அவளுடைய முறை. குடையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்; பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.